ரோலருக்கு முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர்

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுத்துக் கொடுக்கும் சலவைக்கூடத்தில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவன் நான். அழுக்குத்துணி வண்டி தள்ள வந்தவன், நாற்பத்திரண்டு பேரை வேலை வாங்கும் சூப்பர்வைசராகித்தான் வெளியே வந்தேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதிலும் கடைசி மூன்று மாசம் போகவில்லை. பெரிய படிப்புப் படித்தவர்கள் எத்தனையோ பேர் என்னிடம் வந்து, "இவ்வளவு பேரை எப்படிங்க மேய்க்கிறீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான் சொல்கிறேன், என்ன இப்போது. ஆனால் இன்றைக்கு எழுத உட்கார்ந்தது என்னைப் பற்றி இல்லை, எங்கள் ரோலர் அண்ணனைப் பற்றி. அவரைப் பற்றி வேறு யாரும் எழுதப்போவதில்லை.

ரோலர் என்பது படுக்கைவிரிப்புக்கு இஸ்திரி போடும் இயந்திரம். ஓர் அறை அகலத்துக்கு இருக்கும். உள்ளே நீராவியில் கொதிக்கிற உருளைகள். முன்னால் இரண்டு பேர் ஈர விரிப்பின் மூலைகளைப் பிடித்து இழுத்து, சுருக்கமில்லாமல் அதன் வாயில் கொடுக்க வேண்டும். பின்னால் இரண்டு பேர், சுடச்சுட வருவதை வாங்கி மடித்து அடுக்க வேண்டும். முன்னால் நிற்பவருக்குப் பின்னால் நிற்பவரின் முகம் தெரியாது. நடுவில் ஆள் உயரத்துக்கு இரும்பு. சில நேரம் விரிப்பு வெளியே வராமல் உருளையிலேயே சுற்றிக்கொள்ளும். அது பின்னால் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். நிறுத்துகிற சிவப்புப் பொத்தானோ முன்னால் இருக்கிறது. பழைய இயந்திரம், அப்படித்தான் செய்து வைத்திருந்தார்கள். ஆகவே பின்னாலிருந்து குரல் வர வேண்டும், முன்னால் அழுத்த வேண்டும். நாலு நொடி தாமதித்தால் உள்ளே துணி கருகிப் புகை வரும். அன்றைய வேலை அத்தோடு போச்சு.

அந்த ரோலருக்கு முன்னால், இடது பக்கம், இருபத்திரண்டு வருஷம் நின்றவர் ரோலர் அண்ணன். என்னைவிட இரண்டு வயசு மூப்பு. ஒரே மாசத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் மேலே மேலே போனேன், அவர் நின்ற இடத்திலேயே நின்றார். குட்டையான ஆள், மணிக்கட்டு மட்டும் மரக்கட்டை மாதிரி. ஆவியில் வெந்து வெந்து புருவத்தில் முடியே கிடையாது. அதிகம் பேச மாட்டார். என்ன திட்டினாலும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்று, கடைசியில் சிரிப்பார். மரியாதை தெரிந்த மனுஷன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவருக்குப் பக்கத்தில் நெட்டையன். பின்னால் சின்னக்காவும் தூங்குமூஞ்சியும். சின்னக்காவோடு அவள் அக்காவும் ஒரு காலத்தில் வேலை பார்த்ததால் அந்தப் பெயர். அக்கா எப்போதோ போய்விட்டாள், இவள் இன்னும் சின்னக்காவாகவே இருந்தாள். தூங்குமூஞ்சியைப் பெயரை வைத்து எடை போடக்கூடாது. கண்தான் பாதி மூடியிருக்கும், கை மூடாது. ஒன்பது வருஷம் இந்த நாலு பேரும் ஒரே இடத்தில். ஆறு பேர் செய்கிற வேலையை நாலு பேர் செய்தார்கள். யாருக்கு எப்போது லீவு, யார் எப்போது டீ குடிக்கப் போவது, எல்லாம் அவர்களுக்குள்ளேயே. அவர்கள் பக்கம் நான் போவதே வாரத்துக்கு ஒரு தடவைதான். போனாலும் முதுகு வளைந்து வேலை மும்முரமாக நடந்துகொண்டிருக்கும். நான் வருகிறேன் என்று எப்படித்தான் தெரியுமோ!

அப்படி இருக்கும்போது ஆபீசிலிருந்து என்னை மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். குளிரூட்டின அறை, கலர் கலராகக் காகிதம், எழுதுவதற்கு நாலு பேனா. குழுக்கள் எத்தனை வகை என்று ஓர் இளைஞர் பாடம் எடுத்தார். நாள்தோறும் ஒரே வேலையைச் சேர்ந்து செய்கிற நிரந்தரக் குழு ஒன்று. மேலதிகாரி இல்லாமல் தன்னைத் தானே நடத்திக்கொள்கிற குழு ஒன்று. ஐந்து பிரிவிலிருந்து ஆளுக்கொருத்தரைப் பிடித்துப்போடுகிற கலப்புக் குழு ஒன்று. ஒரு பிரச்சினைக்கென்று கூடி, அது தீர்ந்ததும் கலைகிற குழு ஒன்று. கூட இருந்தவர்கள் காகிதத்தில் எழுதிக்கொண்டார்கள். எனக்கு எழுத்து அவ்வளவு வேகம் வராது, மண்டையிலேயே ஏற்றிக்கொண்டேன். மூன்றாம் நாள் கேள்வி கேட்டபோது பார்க்காமல் ஒப்பித்தவன் நான் ஒருத்தன்தான். கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டல்தான் வினையாகிப் போச்சு.

திரும்பி வந்ததும் மேனேஜர் கூப்பிட்டார். "ஒரே ஆள் ஒரே இடத்துல நின்னா, அவர் லீவு போடுற அன்னைக்கு மெஷினும் லீவு போடுது. எல்லாரும் எல்லா வேலையும் கத்துக்கணும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஆளை மாத்துங்க. உங்களாலதான் முடியும்" என்றார். என்னால்தான் முடியும் என்று சொன்ன பிறகு வேறென்ன யோசனை? பெரிய அட்டையில் கட்டம் போட்டு, நாற்பத்திரண்டு பேரையும் கலந்துகட்டி, சுவரில் மாட்டினேன். முதல் சுற்றில் ரோலர் அண்ணன் மட்டும் ரோலரிலேயே, கூட நின்ற மூன்று பேருக்கும் வேறு வேறு இடம்.

மறுநாள் காலையில் சின்னக்கா என் மேஜைக்கு வந்தாள்.

"எங்க நாலு பேரை மட்டும் விட்டுருங்க சார்."

"ஏம்மா, உங்க நாலு பேருக்குத் தனிச் சட்டமா?"

"அதில்ல சார். இது ஓடுது. ஓடுறதை ஏன் பிரிச்சுப் பாக்கணும்?"

"காரணம் சொல்லு, யோசிக்கிறேன்."

அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். எதையோ எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுகிற மாதிரி இருந்தது. "காரணம்னு தனியா சொல்லத் தெரியலை சார்" என்றாள். பயிற்சியில் சொன்ன ஏழெட்டு வார்த்தையை எடுத்து விட்டு அவளை அனுப்பிவைத்தேன். ரோலர் அண்ணன் அட்டையைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தரையில் அடித்துவிட்டு வேலைக்குப் போனார். அதை இருபது பேர் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் ரோலருக்குப் பின்னால் நின்றவள், உலர்த்துகிற பகுதியிலிருந்து மாறி வந்த பெண். சுறுசுறுப்பானவள், வாயும் பெரிய வாய். ஒரு விரிப்பு உருளையில் சுற்றிக்கொண்டது. "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கத்தியிருக்கிறாள். முன்னால் ரோலர் அண்ணன் அடுத்த விரிப்பைக் கொடுத்தார். இன்னும் கத்தினாள். இன்னொன்றும் கொடுத்தார். அவருக்குப் பக்கத்தில் நின்ற புது ஆள் வண்டியிலிருந்து விரிப்பு எடுக்கத் திரும்பியிருந்தான். புகை வந்ததும் அந்தப் பெண் பயந்துபோய்க் கையைவிட்டுத் துணியை இழுத்திருக்கிறாள். உள்ளங்கை வெந்துவிட்டது. புது ஆள் ஓடி வந்து பொத்தானை அழுத்தின பிறகுதான் ரோலர் அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது கூடம் முழுக்கக் கருகல் வாடை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "இவ்வளவு கத்தியிருக்கா, காது என்ன அடைச்சுப் போச்சா?" என்றேன். அவர் என் வாயையே பார்த்தார். "இல்லப்பா" என்றார். முதல் தடவையாக அவர் சிரிக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் கதை கட்டியாகிவிட்டது. கூட நின்றவர்களை மாற்றின கோபத்தில் வேண்டுமென்றே நிறுத்தவில்லை, துண்டைத் தரையில் அடித்தாரே பார்க்கவில்லையா, வாயில்லாப் பூச்சி மாதிரி இருந்துகொண்டு எவ்வளவு வன்மம் பாருங்கள். நாற்பத்திரண்டு பேரில் முப்பத்தெட்டு பேர் இதைத்தான் சொன்னார்கள். மற்ற மூன்று பேர் பேசவில்லை. நான் எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள்.

விசாரணைக்குக் குழு போட்டார்கள். பாடத்தில் சொன்ன கலப்புக் குழுவேதான். ஆபீஸ் அம்மா, ஸ்டோர்காரர், கரண்டுக்காரர், ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தர், நான். ஐந்து பிரிவு, ஐந்து பேர், தலைவர் என்று யாரும் கிடையாது. தலைவர் இல்லாத குழுவில், முதலில் டீ சொல்கிறவன்தான் தலைவன். நான் சொன்னேன்.

ஆபீஸ் அம்மா விதியைப் படித்தார். வேண்டுமென்று செய்திருந்தால் ஒரு மாசம் சஸ்பெண்ட், ஓர் எச்சரிக்கைக் கடிதம். உடம்பில் ஏதாவது கோளாறு என்றால் டாக்டர் பார்த்து, இயந்திர வேலைக்கு ஆகாது என்று நிரந்தரமாக அனுப்பிவிடுவார். ரோலர் அண்ணனுக்கு ஓய்வுக்கு இன்னும் பதினாலு மாசம் இருந்தது.

ரோலர் அண்ணன் வந்து உட்கார்ந்தார். சலவை செய்த சட்டை, கைகள் முழங்கால் மேல். முதலில் ஸ்டோர்காரர் ஆரம்பித்தார். அவருக்கு மீசை, வாயை முழுசாக மூடின மீசை. டீ குடித்தால் பாதி மீசைதான் குடிக்கும்.

"ரோலர்ல எத்தனை வருஷமா இருக்கீங்க?" என்று கேட்டார்.

ரோலர் அண்ணன் நிமிர்ந்து, தெளிவாகச் சொன்னார்: "கேட்டுச்சு. நான்தான் நிறுத்தலை."

ஸ்டோர்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன கேக்குறேன், என்ன சொல்றீங்க? திமிரா?" என்றார். ரோலர் அண்ணன் மறுபடி, "கேட்டுச்சு. கோபத்துல நிறுத்தலை. தப்புதான்" என்றார். வீட்டிலிருந்தே மடித்து எடுத்துக்கொண்டு வந்த பதில். எந்தக் கேள்விக்கும் அதையே நீட்டினார்.

அந்த மீசையைப் பார்த்தேன். அதன் கீழே உதடு அசைவது எனக்கே தெரியவில்லை. இத்தனை வருஷம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு திட்டு வாங்கின மனுஷன் எதைப் பார்த்திருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. "செவிடன் காதுல ஊதின சங்கு" என்று அவர் முகத்துக்கு நேராக எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! கடைசி சில வருஷம் அதுவும் அவருக்குக் கேட்டிருக்காது.

"மீதியை நாளைக்கு வெச்சுக்கலாம்" என்றேன். தலைவன் நான்தானே. யாரும் மறுக்கவில்லை. எல்லோருக்கும் போட்டது போட்டபடி அவரவர் வேலை கிடந்தது.

நேராக ரோலருக்குப் பின்னால் போனேன். இரும்புச் சட்டத்தில் ஒரு கொக்கி, அதில் துடைப்பக்கட்டை நீளத்துக்கு ஒரு தடி. வருஷக்கணக்காக அங்கே தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். துணி தள்ளுவதற்கு என்று நினைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் ஒரு முனை தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. சின்னக்காவைக் கூப்பிட்டேன்.

"இது எதுக்கும்மா?"

"தட்டுறதுக்கு சார்."

"எதைத் தட்ட?"

"சட்டத்தைத்தான். அண்ணன் இடுப்பை அதுல சாச்சுக்கிட்டுத்தான் நிப்பாரு. ரெண்டு தட்டு தட்டினா நிறுத்து. ஒண்ணு தட்டினா போகலாம். நீளமா ஒண்ணுன்னா டீ." அவள் சட்டென்று நிறுத்தினாள். கை வாய்க்குப் போனது. "ஐயோ… சார், அவருக்குக் காது கேக்காது சார்!"

"அதை இப்பவா சொல்ற?"

"மறந்தே போச்சு சார். சத்தியமா. முதல்ல அவருக்காகத்தான் தட்ட ஆரம்பிச்சோம். அப்புறம் இப்படித்தான் வேலை செய்யணும்போலன்னு ஆகிப்போச்சு. நாங்களே எங்களுக்குள்ள பேசறதில்லை, தட்டிக்குவோம். நீங்க காரணம் கேட்டீங்களே, அன்னைக்கு எவ்வளவு யோசிச்சும் வரலை."

நெட்டையனைக் கேட்டேன், அவனும் அதே. தூங்குமூஞ்சியைக் கேட்டேன். "அவருக்குக் கேக்காதா? ஆமால்ல!" என்றான். மூன்று பேரும் ஒருத்தரை ஒன்பது வருஷம் தாங்கியிருக்கிறார்கள், தாங்குகிறோம் என்பதே ஞாபகமில்லாமல். பயிற்சி அறையில் இந்த வகைக் குழுவை யாரும் சொல்லவில்லை.

"மூணு தட்டு எதுக்கு?" என்று கேட்டேன், சும்மா ஒரு பேச்சுக்கு.

நெட்டையன் தரையைப் பார்த்தான். சின்னக்காதான் சொன்னாள். "நீங்க வர்றீங்கன்னு."

"மேனேஜர் வந்தா?"

"அவருக்கு எதுவும் இல்லை சார். அவர் வந்தா பயமில்லை."

இத்தனை களேபரத்திலும் எனக்கு அது கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது.

சாயங்காலம் ரோலர் அண்ணன் வீட்டுக்குப் போனேன். கம்பெனி கொடுத்த இரண்டு அறை வீடு. வேலை போனால் ஒரு மாசத்தில் காலி செய்ய வேண்டிய வீடு. முன்னறையில் அண்ணியின் தையல் மெஷின். ரோலர் அண்ணன் முதுகைக் காட்டி உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அண்ணி என்னைப் பார்த்ததும் சுவரில் இருந்த சுவிட்சை இரண்டு தடவை தட்டினார். விளக்கு அணைந்து எரிந்தது. அவர் திரும்பினார்.

நர்ஸ் படிப்பு படிக்கும் மகள்தான் பேசினாள். "இடது காது போய் பத்து வருஷம் மாமா. வலது அஞ்சு வருஷம். அந்த மெஷின் சத்தம்தான். எனக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு இருக்கு. இங்கேயிருந்து நடந்து போயிடுறேன். வீடு போச்சுன்னா எங்க போறதுன்னு அப்பா வாயே திறக்கலை."

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். "திமிருன்னு எழுதினா ஒரு மாசம் வெளிய நிப்பேன். செவிடுன்னு எழுதினா வீடே வெளிய நிக்கும். எது லேசு, நீயே சொல்லுப்பா."

"அந்தப் பொண்ணு கை வெந்து கிடக்குது அண்ணே. நீங்க வேணும்னு செஞ்சதா நினைச்சுக்கிட்டு இருக்கா."

என் உதட்டைப் படித்துவிட்டார் என்று தெரிந்தது. "அதுதான் தூங்க விடமாட்டேங்குது" என்றார்.

அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ரோலருக்குப் பின்னால் ஒரு சுவிட்ச், முன்னால் அவர் கண்ணுக்கு நேராக ஒரு சிவப்பு பல்பு. யோசனை என்னுடையது. பார்த்தது அவர் வீட்டில், அவ்வளவுதான்.

மறுநாள் குழுவில் உள்ளதை உள்ளபடி போட்டு உடைத்தேன். மறைத்து வைத்ததன் பலனைத்தான் ஒரு பெண்ணின் கையில் பார்த்தாகிவிட்டதே. ஆபீஸ் அம்மா மறுபடி விதியை எடுத்தார். ஸ்டோர்காரர் மீசையைத் தடவினார். ஒரு மணி நேரம் பேசினோம். கரண்டுக்காரர் மட்டும் பேசவில்லை, ஒரு துண்டுச்சீட்டில் கம்பி எத்தனை மீட்டர் என்று எழுதிக்கொண்டிருந்தார். பின்பக்கமே நிறுத்துகிற பொத்தான் வைக்க இயந்திரம் செய்தவர்களின் அனுமதி வேண்டுமாம், பல்புக்கு வேண்டாமாம். மத்தியானத்துக்குள் மாட்டிவிட்டார். நர்ஸ் ரோலர் அண்ணனைக் காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். அந்த விளக்கு இருக்கும்வரை அந்த இடத்தில் வேலை பார்க்கலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பதினாலு மாசம்தானே" என்று கையெழுத்துப் போட்டார்.

அறிக்கையில், தவறு யாருடையது என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் என் பெயரை எழுதினேன். ஆளைப் பார்க்காமல் அட்டையைப் பார்த்தவன் நான்தானே. அந்தக் கட்டத்தில் தன் பெயரைத் தானே எழுதின சூப்பர்வைசர் அந்தக் கூடத்தில் எனக்கு முன்னாலும் கிடையாது, பின்னாலும் கிடையாது.

கை வெந்த பெண் இரண்டு வாரம் கழித்துக் கட்டோடு வந்தாள். ரோலர் அண்ணன் அவள் முன்னால் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "முன்னாடியே சொல்லியிருந்தா விரிப்பால அடிச்சாவது நிறுத்தியிருப்பேனே, பெரியவரே!" என்றாள். அவர் தலையைக் குனிந்திருந்ததால் அவள் சொன்னது தெரியவில்லை. அவள் அவர் மோவாயை நிமிர்த்தி, இன்னொரு தடவை சொன்னாள்.

இனி அந்த நாலு பேரையும் பழைய இடத்திலேயே விட்டுவிடலாம் என்று நான் தீர்மானித்திருந்தேன். அவர்களிடம் சொல்லவும் சொன்னேன். அன்று மத்தியானமே சின்னக்கா வந்தாள்.

"எனக்கு மடிப்பு மேஜைக்கு மாத்தல் குடுங்க சார்."

"என்னம்மா இது? ஒன்பது வருஷம் தாங்கிட்டு, இப்ப விட்டுட்டுப் போறியா?"

"இப்பதான் சார் தெரியுது, தாங்கினது. ஒரு கண்ணு விரிப்புல, ஒரு கண்ணு தடியில. தும்மல் வந்தாக்கூட யோசிச்சுத் தும்மினேன். லீவு போட்டாலும் வீட்ல உக்காந்து மெஷினையே நினைச்சுக்கிட்டு இருப்பேன். இந்த ரெண்டு வாரம்தான் நிம்மதியா இருந்தேன். பல்பு இருக்குல்ல, இனி யாரு வேணும்னாலும் நிக்கலாம். எனக்கு நாலு பேர் இருக்கிற இடத்துல நின்னு வாய் வலிக்கப் பேசணும் சார்."

அடுத்த வாரம் நெட்டையன் கேட்டான், அதற்கடுத்த வாரம் தூங்குமூஞ்சி. யார்மேல் கோபப்படுவது? கையெழுத்துப் போட்டேன். ரோலரில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஆள் மாறினார்கள். பல்பு பிசகாமல் எரிந்தது. ஒரு விரிப்பு கருகவில்லை. மேனேஜர் வெளியாட்களைக் கூட்டிவந்து காட்டினார், நான் பக்கத்தில் நின்று விளக்கிச் சொன்னேன்.

ரோலர் அண்ணன் மட்டும் ஒரு நாள் டீ குடிக்கிற இடத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பல்பு நல்லாத்தான் இருக்கு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஏதாவது கெட்டாத்தான் எரியுது. மத்த நேரம் பின்னாடி ஆள் இருக்காங்களா இல்லையான்னே தெரியலை" என்றார். நான் ஏதோ பதில் சொன்னேன். டம்ளர் வாயில் இருந்தது. அவர் பார்த்திருக்க மாட்டார்.

அவர் ஓய்வு பெறுவதற்கு ஒரு மாசம் முன்பு, மடிப்பு மேஜைப் பக்கம் நான் போய்க்கொண்டிருந்தேன். ஏழெட்டுப் பேர் நின்று மடித்துக்கொண்டிருந்தார்கள். சின்னக்காதான் எல்லோரையும்விடச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள். என் தலையைப் பார்த்ததும் பேச்சு அப்படியே இருக்க, அவள் வலது கை மட்டும் மேஜைச் சட்டத்தை மூன்று தட்டுத் தட்டியது.

கூடத்தின் அந்தக் கோடியில் ரோலர் அண்ணன் விரிப்பு கொடுத்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. நடுவில் அறுபது அடி சிமெண்டுத் தரை. எதுவும் போய்ச் சேராது.

சின்னக்கா தன் கையைப் பார்த்தாள். அதைத் துணிக்கு அடியில் இழுத்துக்கொண்டு, "என்ன சார், ஏதாவது வேணுமா?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா, மடி" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்த அழுக்குத்துணி வண்டியின் விளிம்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். காலையிலிருந்து முழங்கால் வலி.